நீர்ப்பூக்களை வேறறிதல்: பெயர் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

பண்டைய நூல்களைப் பயில்வோர் அருஞ்சொல் ஒன்றை எதிர்ப்படும்போது அகராதியை நாடுவர். அச்சொல் ஒரு மன்னனையோ ஊரையோ குறிப்பதாயின் வரலாற்றாசிரியர் அதனை எளிதில் விடுவதில்லை. கல்வெட்டுகளோடும் பிறநாட்டார் குறிப்புகளோடும் ஒப்புநோக்கி, இன்னது எனத் துணியும்வரை ஆராய்வர். ஆனால் அச்சொல் ஒரு செடியையோ பூவையோ குறிப்பதாயின் ‘ஒரு பூ’ என்ற அளவிலே உரை நின்றுவிடுகின்றது. மன்னர் பெயருக்குக் காட்டப்படும் கவனத்திற் பாதியேனும் மலரின் பெயருக்குக் காட்டப்படவில்லை எனின் அது மிகையாகாது.

தாமரை, ஆம்பல், அல்லி, குவளை, நெய்தல், கழுநீர் முதலிய நீர்ப்பூப் பெயர்கள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். இன்று இவற்றை எல்லாம் தாமரையின் வகைகளெனவே பலர் எண்ணுகின்றனர். நீலோற்பலத்தை ‘நீலத்தாமரை’ என்று எழுதுவோரும் உளர். உண்மையில், இயற்கையாக நீலமலர் பூக்கும் தாமரை உலகில் எங்கும் இல்லை. தாவரவியலார் தாமரைச் சாதியில் இரண்டே இனங்களைக் கொள்வர். ஒன்று செந்நிறமாகவோ வெண்ணிறமாகவோ பூக்கும் நம் ஆசியத் தாமரை. மற்றையது மஞ்சளாகப் பூக்கும் அமெரிக்கத் தாமரை. நீலம் இவ்விரண்டிலும் இல்லை. அவ்வாறாயின் இல்லாத பூ ஒன்று நம் நூல்களிலே எவ்வாறு பூத்தது? இவ்வினாவிற்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். விடையைத் தேடும்போது தாவரவியலைக் காட்டிலும் சொற்களின் வரலாறே நமக்கு மிகுதியும் துணைசெய்யும்.

1. குளத்திலே காணும் வேறுபாடு

பெயரை ஆராயுமுன் பொருளை அறிதல் வேண்டும். வன்னியிலோ மட்டக்களப்பிலோ ஒரு குளக்கட்டில் நின்று நோக்குவோர்க்கு நீர்ப்பரப்பை மூடிய இலைகள் யாவும் ஒரே தன்மையனவாகத் தோன்றலாம். சற்றுக் கூர்ந்து பார்ப்பின் வேற்றுமைகள் புலப்படும்.

தாமரையின் இலை முழுவட்டமானது. அதிலே பிளவு இல்லை. காம்பு இலையின் நடுவிலே குடைக்குக் கம்பு போல வந்து பொருந்தும். இளம் இலைகள் நீரிலே மிதப்பினும் முதிர்ந்தவை நீர்மட்டத்துக்கு மேலே உயர்ந்து நிற்கும். நீர்த்துளி அவ்விலையில் ஒட்டாது உருண்டோடும். காம்பிலும் பூத்தண்டிலும் சிறு முட்கள் உள. தண்டை முறித்து இழுத்தால் மெல்லிய நூல் நீண்டு வரும். பூ வாடியபின் அதன் நடுவிலுள்ள பொகுட்டு, தட்டையான முகமும் குழிகளும் உடையதாய், குளவிக்கூட்டை ஒத்து நீருக்கு மேலே முதிரும். ஒவ்வொரு குழியிலும் கடினமான ஒரு வித்து இருக்கும்.

ஆம்பலும் குவளையும் அடங்கிய மற்றைச் சாதியை ‘நிம்பேயா’ என்பர். இதன் இலை நீர்மேற் படிந்து மிதக்கும். இலையின் ஒரு பக்கத்தில் விளிம்பிலிருந்து காம்பு வரையும் ஒரு பிளவு செல்லும். காம்பில் முள் இல்லை. பூ வாடியதும் தண்டு வளைந்து காயை நீருக்குள் இழுத்துக்கொள்ளும். காய் நீரினடியிலே பஞ்சு போன்று முதிர்ந்து, கடுகினுஞ் சிறிய எண்ணற்ற வித்துக்களை வெளிவிடும். ஆகவே பூ இல்லாத காலத்தும் இலைப்பிளவு ஒன்றைக் கொண்டே தாமரையையும் இதனையும் வேறறியலாம்.

இனி, நிம்பேயாச் சாதிக்குள்ளேயே நம் நாட்டுக் குளங்களிற் பரவலாகக் காணப்படுவன இரண்டு. ஒன்று நிம்பேயா பியூபசென்ஸ். இதன் இலைவிளிம்பு கூரிய பற்களையுடையது. இலையின் அடிப்புறம் மயிரடர்ந்தது. பூ வெண்மையாகவோ செம்மை கலந்தோ இருக்கும்; மாலையிலே விரிந்து இரவெல்லாம் மலர்ந்து, மறுநாள் வெயிலேறக் கூம்பும். சிங்களத்தில் இதனை ‘ஓலு’ என்பர். மற்றையது நிம்பேயா நூசாலி. இதன் இலைவிளிம்பு அலைபோல் நெளிந்தது. அடிப்புறம் மயிரற்றது, பெரும்பாலும் ஊதாச் சாயலுடையது. பூ பகலிலே விரிந்து மாலையிலே கூம்பும். நிறம் வெளிர்நீலமாகவும், சில இடங்களில் வெண்மையாகவும் இளஞ்சிவப்பாகவும் அமையும். சிங்களத்தில் இது ‘மானெல்’ எனப்படும். தாமரையோ ‘நெலும்’ ஆகும்.

இங்கு ஒன்று மனங்கொள்ளத்தக்கது. நிறத்தைக் கொண்டு இவ்விரு இனங்களையும் பிரித்தறிதல் இயலாது. வெண்பூ இரண்டிலும் உண்டு. இலைவிளிம்பும் மலரும் பொழுதுமே உறுதியான அடையாளங்கள். நிறத்தை முதன்மையாகக் கொண்ட நூல்வழக்கு தடுமாறியதற்கும், பொழுதை முதன்மையாகக் கொண்ட செய்யுள் வழக்கு தடுமாறாமைக்கும் இதுவே காரணமெனலாம்.

2. சான்றோர் செய்யுட்களின் சான்று

சங்கச் செய்யுட்களை இயற்றியோர் இப்பூக்களை வேறாகவே கண்டனர் என்பதற்குக் குறிஞ்சிப்பாட்டு நல்ல சான்றாகும். கபிலர் பாடியதாகக் கொள்ளப்படும் இப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்கள் தொகுத்துக் கூறப்படுகின்றன. அவற்றுள் ஆம்பல், குவளை, தாமரை, நெய்தல் ஆகியன தனித்தனியே இடம்பெறுகின்றன. ஒன்றின் மறுபெயராக மற்றொன்று கொள்ளப்பட்டிருப்பின் இவ்வாறு எண்ணியிருக்க வேண்டியதில்லை. மேலும், தாமரைக்கு அடைகொடுக்கும் புலவர் அதன் தண்டிலுள்ள முள்ளையே குறிப்பிடுகின்றார். அழகு கருதி வந்த அடை எனினும் அது தாமரையைப் பிறவற்றிலிருந்து பிரிக்கும் அடையாளமாகவும் அமைந்துள்ளது.

பொழுதைப் பற்றிய மரபும் இத்தகையதே. தாமரை ஞாயிற்றோடும் ஆம்பல் திங்களோடும் சார்த்திப் பாடப்படும். நெய்தல் மாலையிலே கூம்புவதாகக் கூறப்படும். இவற்றை வெறும் கவிமரபு எனத் தள்ளுவோர் உளர். ஆனால் மேலே கூறியவாறு, ஆம்பலாகக் கொள்ளத்தக்க இனம் இரவிலே மலர்வது. நீலப்பூ இனம் பகலிலே மலர்வது. எனவே இம்மரபு கற்பனையிற் பிறந்ததன்று, குளக்கரையிற் பிறந்தது என்பது தெளிவு.

மூன்றாவது சான்று உணவு பற்றியது. புறநானூற்றின் 248ஆம் செய்யுள் ஒக்கூர் மாசாத்தனார் பாடியது. கணவனை இழந்த பெண்ணொருத்தி ஆம்பலை எண்ணி வருந்துவதாக அஃது அமைந்துள்ளது. இளமையிலே அவளுக்குத் தழையுடையாக உதவிய அதே செடி, கணவன் இறந்தபின் வேளைதவறி உண்ணும் புல்லரிசியைத் தரும் செடியாயிற்று என்பது அதன் கருத்து. கைம்மை நோற்போர் அல்லியரிசியை உண்ட செய்தியை இதனாலும் பிற செய்யுட்களாலும் அறிகின்றோம். அரிசி எனத்தக்க நுண்ணிய வித்து நிம்பேயாச் சாதியினுடையதே. தாமரைவித்து கொட்டையை ஒத்தது. சிங்கள மக்கள் ஓலுவின் வித்தைச் சோறாக்கி உண்ணும் வழக்கமும், அதற்கு அவர்கள் வழங்கும் ‘ஓலுஹால்’ என்ற பெயரும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கன. ‘ஹால்’ என்பது அரிசியாகும். இரு மொழியினரும் ஒரே வித்தை ஒரே வகையிற் பெயரிட்டழைத்தமை, உண்போர் பொருளை மயங்கார் என்பதைக் காட்டுகின்றது.

பிற்கால நூலாகிய மூதுரையிலும் இவ்வறிவு மறையவில்லை. நீர் வற்றிய குளத்தைவிட்டுப் பறவைகள் நீங்கிவிட, கொட்டியும் ஆம்பலும் நெய்தலும் அக்குளத்தோடு ஒட்டி நிற்பதை உறவுக்கு உவமையாக அந்நூல் கூறும். மூன்று செடிகளும் மூன்று பெயரால் எண்ணப்படுகின்றன. அவை ஏன் நீங்குவதில்லை? அவற்றின் கிழங்கு சேற்றினடியிலே உயிரோடு கிடந்து, மாரி வந்ததும் மீண்டும் தளிர்க்கும். கோடையிலே வற்றி மாரியிலே நிறையும் குளங்களின் நாட்டில் வாழும் நமக்கு இவ்வுவமை நூலறிவால் அன்றிக் கண்ணறிவாலேயே விளங்கக்கூடியது. கொட்டிக்கிழங்கையும் அல்லிக்கிழங்கையும் அகழ்ந்து உண்டோர்க்கு அவற்றின் வேறுபாட்டைக் கற்பிக்க வேண்டியிருந்திராது.

3. குவளையும் நெய்தலும்

எனினும் எல்லாப் பெயர்களும் இவ்வளவு எளிதில் அடங்குவதில்லை. குவளைக்கும் நெய்தலுக்கும் உள்ள வேறுபாடு ஆராய்ச்சியாளரை நெடுங்காலம் இடர்ப்படுத்தி வருகின்றது. இரண்டும் கண்ணுக்கு உவமையாவன. இரண்டும் கருநீல நிறமுடையனவாகப் பாடப்படுவன. சங்கத் தாவரங்களை ஆராய்ந்த பி. எல். சாமி முதலியோர் ஒவ்வொரு பெயர்க்கும் தாவரவியற் பெயரொன்றைப் பொருத்த முயன்றனர். அம்முயற்சி போற்றத்தக்கது. ஆயினும் அதன் அடிப்படையிலுள்ள ஓர் எடுகோளை மீண்டும் சிந்தித்தல் நன்று. தமிழ்ப்பெயர் ஒவ்வொன்றுக்கும் தாவரவியலினம் ஒன்று இருந்தே தீரவேண்டும் என்பதே அவ்வெடுகோள்.

இப்பெயர்கள் செய்யுட்களில் வரும் இடங்களை நோக்குவோம். குவளை மலைச்சுனையிலும் வயலிலும் பூப்பது. நெய்தல் கடலை அடுத்த கழியிலே பூத்து அந்நிலத்துக்கே தன் பெயரை அளித்தது. நாற்கவிராச நம்பி இயற்றிய அகப்பொருள் விளக்கமும் கழுநீரையும் குவளையையும் மருதத்துக்கும், நெய்தலைத் தாழை, முண்டகம், அடம்பு ஆகியவற்றோடு நெய்தல் நிலத்துக்கும் உரியனவாக வகுக்கின்றது. ஆகவே இவ்வேறுபாடு நிலத்தையும் நீரையும் சார்ந்த வேறுபாடாக இருத்தல் கூடும். இன்று ஒரே இனமாகக் கொள்ளப்படும் நிம்பேயா நூசாலி நிறத்தாலும் பருமனாலும் வேறுபடும் இயல்பினது. சுனையிற் பூத்ததை ஒரு பெயராலும் கழியோரத்துப் பூத்ததை மற்றொரு பெயராலும் மக்கள் வழங்கியிருக்கலாம்.

நீரல்லிகள் நன்னீர்ச் செடிகளாயிற்றே, உவர்க்கழியில் அவை எவ்வாறு வளரும் என்ற ஐயம் இவ்விடத்து எழும். மட்டக்களப்பு வாவியையும் யாழ்ப்பாணக் கடனீரேரிகளையும் அறிந்தோர் இதற்கு ஓரளவு விடை கூறக்கூடும். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் ஆற்றுநீரும் வெள்ளமும் வந்து சேர, கழிகளின் உவர்ப்புக் குறைகின்றது. கரையோரத் தாழ்நிலங்களிலே நன்னீர் தேங்குகின்றது. செய்யுட்களிலே கழி எனப்படுவது கடல்நீர் மட்டுமே நிறைந்த இடம் எனக் கொள்ள வேண்டியதில்லை.

இஃது ஒரு கருதுகோளேயாயினும் இதனாற் பெறப்படும் பொதுவுண்மை ஒன்றுண்டு. பழந்தமிழர் பாகுபாடு பொழுது, நிலம், பயன் ஆகிய மூன்றையும் அடிப்படையாகக் கொண்டது. தாவரவியற் பாகுபாடு பூ, காய், வித்து ஆகிய உறுப்புகளின் அமைப்பை அடிப்படையாகக் கொண்டது. இரண்டும் ஒழுங்குடைய பாகுபாடுகளே. ஆனால் ஒன்றின் கட்டங்களுள் மற்றதன் பெயர்களை ஒவ்வொன்றாக அடைத்துவிடுதல் இயலாது.

4. நிகண்டுகளும் பெயர்க் கலப்பும்

குளத்திலே தெளிவாக இருந்த வேறுபாடு நூலிலே மங்கத் தொடங்கியமைக்கு நிகண்டுகள் ஒரு காரணமாயின. திவாகரம், பிங்கலம், சூடாமணி ஆகியவை செய்யுள் செய்வார்க்கும் பயில்வார்க்கும் பெயர்த்தொகை வழங்கும் நூல்கள். எதுகைக்கும் மோனைக்கும் ஏற்ற சொல்லைத் தெரிந்துகொள்ள அவை பெரிதும் உதவின. அவற்றின் நோக்கம் பொருளை வேறறிவித்தல் அன்று. பெயர்களை ஒருங்கு சேர்த்தலேயாகும்.

அவ்வாறு சேர்க்கும்போது வடசொற்கள் பல உடன்வந்தன. வடமொழி நிகண்டாகிய அமரகோசம் நீலப்பூவுக்கு இந்தீவரம் என்றும் வெண்பூவுக்குக் குமுதம், கைரவம் என்றும் பெயர்களை வகுத்தே கூறுகின்றது. ஆயினும் அம்மொழியிலே மற்றொரு வகைச் சொற்களும் உள. அம்புயம், நீரசம், சலசம், வாரிசம் என்பவற்றுக்கு ‘நீரிற் பிறந்தது’ என்பதே பொருள். பங்கயம் என்பதற்குச் ‘சேற்றிற் பிறந்தது’ என்பது பொருள். வழக்கிலே இவை தாமரையைக் குறிப்பினும் சொற்பொருளளவில் எந்த நீர்ப்பூவுக்கும் பொருந்துவன. ‘நீல’ என்ற அடையை இத்தகைய சொல்லோடு சேர்த்தால் ‘நீரிற் பிறந்த நீலப்பூ’ என்றாகும். அதைத் தாமரைப்பெயராகக் கொண்டு பொருளுரைத்தால் இல்லாத நீலத்தாமரை பிறந்துவிடும். பெயரைக் காரணப்பெயராகக் கொள்வதா இடுகுறியாகக் கொள்வதா என்ற இலக்கணச் சிக்கலே இங்குத் தாவரச் சிக்கலாக உருமாறியது.

திண்ணைப் பள்ளிகளிலே நிகண்டு மனனஞ் செய்த தலைமுறைகளுக்கு இதனாற் பெருந்தீங்கு நேரவில்லை. அவர்கள் வயலையும் குளத்தையும் அறிந்தவர்கள். சொல்லைக் கற்குமுன் பூவைக் கண்டவர்கள். பூவைக் காணாது சொல்லை மட்டும் கற்கும் காலம் வந்தபோதே நிகண்டின் தொகை, பொருளின் ஒருமையாக மயங்கிக் கொள்ளப்பட்டது.

5. மேல்நாட்டார் இட்ட பெயர்கள்

பெயர்மயக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. கிரேக்க வரலாற்றாசிரியரான எரோடோற்றசு கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எகிப்தைப் பற்றி எழுதும்போது, நீர்ப்பெருக்குக் காலத்தில் வளரும் அல்லியொன்றை எகிப்தியர் ‘லோட்டஸ்’ என அழைப்பர் என்றும், அதன் வித்தை உலர்த்தி இடித்து அப்பம் செய்வர் என்றும் கூறுகின்றார். இது நம் அல்லியரிசியை நினைவூட்டுகின்றதன்றோ? அடுத்து, ரோசாவை ஒத்த பிறிதொரு பூவையும் குளவிக்கூடு போன்ற அதன் காயையும் அவர் வேறாக விவரிக்கின்றார். இதுவே தாமரை. பாரசீகர் ஆட்சியை ஒட்டிய காலத்தில் அஃது எகிப்துக்குக் கொண்டுவரப்பட்டதென அறிஞர் கருதுவர். ஆகவே ‘லோட்டஸ்’ என்ற பெயர் தொடக்கத்தில் அல்லிக்கே உரியதாயிருந்தது என்பதும், தாமரைக்கு உரியதன்று என்பதும் இதனாற் புலனாகும்.

பின்னர் ஐரோப்பியர் அச்சொல்லையே நம் தாமரைக்கும் வழங்கினர். பழைய பொருளும் அழியவில்லை. புதிய பொருளும் நிலைத்தது. இதன் விளைவாக ஆங்கிலத்தில் ‘லோட்டஸ்’ என்பது இரு சாதிகளுக்கும் பொதுப்பெயராயிற்று. நீலோற்பலம் ‘புளூ லோட்டஸ்’ என மொழிபெயர்க்கப்பட்டது. அம்மொழிபெயர்ப்பைப் படித்த நாம் அதனை மீண்டும் தமிழாக்கி ‘நீலத்தாமரை’ என்றோம். நம் சொல் கடல்கடந்து சென்று வேறொரு பொருளோடு நம்மிடமே திரும்பிவந்த கதை இது.

மேல்நாட்டாருள்ளும் நம் மக்களிடம் கேட்டறிந்தோர் தெளிவாகவே எழுதினர். கொச்சியில் ஒல்லாந்தர் தளபதியாயிருந்த வன் றீட் தொகுத்த ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்ரடாமில் பன்னிரண்டு பகுதிகளாக வெளிவந்தது. இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர் அதற்குப் பெருந்துணை புரிந்தார். அதன் பதினோராம் பகுதியிலே தாமரை, வெண்டாமரை, ஆம்பல், சிற்றாம்பல் என்ற பெயர்கள் தனித்தனிப் படங்களோடு இடம்பெறுகின்றன. ‘நெய்தலாம்பல்’ என்ற பெயரும் அங்குளது. ஆனால் அப்படத்திலுள்ள செடி நாம் இதுவரை கூறிய எதுவுமன்று; இதழ்களிலே மயிர்விளிம்புடைய சிறு வெண்பூக்களைக் கொண்ட ‘நிம்போயிடெஸ்’ என்ற சாதியைச் சேர்ந்தது. அதன் இலை சிறியதோர் அல்லியிலை போலவே தோன்றும். நெய்தல் என்ற பழம்பெயர் 17ஆம் நூற்றாண்டுக் கேரளத்தில் வேறொரு செடிக்கு அடைமொழியாகி வழங்கியதை இது காட்டுகின்றது. பெயர்கள் ஓரிடத்தே நிற்பனவல்ல.

இலங்கையின் பங்கும் குறிப்பிடத்தக்கது. 1670களில் இங்கு ஒல்லாந்தக் கம்பனியின் மருத்துவராகப் பணியாற்றிய போல் ஹேர்மன் செடிகளைத் திரட்டி உலர்த்தி, அவற்றின் உள்ளூர்ப் பெயர்களையும் குறித்துவைத்தார். அவர் இறந்து அரை நூற்றாண்டு கழித்து அத்தொகுதி சுவீடன் நாட்டு லினேயஸின் கைக்கு எட்டியது. அதை ஆராய்ந்து அவர் 1747இல் ‘புளோரா செய்லானிக்கா’ என்ற நூலை வெளியிட்டார். எனினும் 1753இல் உலகத் தாவரங்களுக்கு இருசொற்பெயர் இட்டபோது லினேயஸ் தாமரையை நிம்பேயாச் சாதிக்குள்ளேயே அடக்கி ‘நிம்பேயா நெலும்போ’ எனப் பெயரிட்டார். ‘நெலும்போ’ என்பது ‘நெலும்’ என்ற சிங்களச் சொல்லின் திரிபாகும். 1763இல் பிரெஞ்சு அறிஞர் அடன்சன் அதனைத் தனிச்சாதியாகப் பிரித்தார். இன்று உலகெங்கும் தாமரைக்கு வழங்கும் அறிவியற் பெயரான ‘நெலும்போ நூசிபெரா’ என்பதன் முற்பாதி நம் தீவின் குளக்கரையிற் பிறந்த சொல் என்பது நினைந்து மகிழத்தக்கது.

அதன்பின்னும் தாமரையும் அல்லியும் நெருங்கிய உறவினவென்றே தாவரவியலார் நெடுங்காலம் கருதினர். உயிர்க்கலங்களின் மரபுப்பொருளை ஒப்பிடும் ஆய்வு வளர்ந்தபோது அக்கருத்தும் வீழ்ந்தது. 1990களில் நிகழ்ந்த ஆய்வுகள் தாமரைக்கு நெருங்கிய உறவு பிளேன் மரமும் புரோட்டியாக் குடும்பமுமே எனக் காட்டின. 1998இல் வெளியான பூக்குந்தாவரப் பாகுபாடு அதனை அவற்றோடு சேர்த்தது. அல்லிகளோ பூக்குந்தாவரக் கிளைகளுள் மிகத் தொன்மையாகப் பிரிந்த ஒன்றைச் சார்ந்தவை. நீரிலே வாழ்ந்தமையால் இரண்டும் ஒத்த தோற்றம் பெற்றனவேயன்றி ஒரு குடியிற் பிறந்து ஒத்தவையல்ல. லினேயஸ் ஒன்றாக்கியதைக் குறிஞ்சிப்பாட்டின் ஆசிரியர் வேறாக எண்ணியிருந்தார் என்பதை இவ்விடத்து நினைவுகூரலாம். அவர் அறிவியல் கூற முற்பட்டாரல்லர். கண்டதைக் கண்டவாறே எண்ணினார்.

6. சிற்பத்திலும் சின்னத்திலும்

இவ்வேறுபாடு பெயரளவில் நிற்பதன்று; கலைவரலாற்றிலும் இது முக்கியத்துவம் பெறுகின்றது. திருமாலின் இருமருங்கும் நிற்கும் தேவியருள் திருமகள் தாமரையையும் நிலமகள் நீலோற்பலத்தையும் ஏந்துவர் என்பது சிற்பமரபு. பூவைக் கொண்டே சிலைகளின் பெயரைத் துணியவேண்டிய நிலையில் இரண்டையும் ‘தாமரை’ என எழுதிவிடின் சான்று பாழாகும். உமையின் திருமேனிக்கும் நீலோற்பலம் உரியதாகக் கூறப்படும். பொலனறுவைச் சிவாலயங்களிலிருந்து கிடைத்த வெண்கல அம்மன் உருவங்களின் கை, பூவொன்றைச் செருகுதற்கேற்ப விரல்களை வளைத்த கடக முத்திரையில் அமைந்துள்ளது. அக்கையில் எந்தப் பூ இருந்தது என்ற வினாவுக்கு உலோகம் விடை கூறாது. மரபை அறிந்தவரே கூறவேண்டும்.

திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே கண்டெடுக்கப்பட்டு 1830இல் பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்த தாராவின் திருவுருவமும் இத்தகையதே. அதன் இடக்கை ஏந்தியிருந்த பொருள் இன்றில்லை. அது தாமரையாயிருக்கலாமென எழுதுவர். ஆனால் தாராவுக்குப் பௌத்தநூல்கள் சிறப்பாக உரிமை கூறுவது உற்பலத்தையே. ‘லோட்டஸ்’ என்ற ஒரு சொல்லால் இரண்டையும் குறிக்கும் மொழியில் எழுதப்படும்போது இவ்வினா எழுவதேயில்லை. அதனாலேயே வினாவை எழுப்புதல் நம் கடனாகின்றது.

அண்மைக்கால எடுத்துக்காட்டொன்றும் உளது. 1986இல் இலங்கையின் தேசிய மலராக நீல மானெல் அறிவிக்கப்பட்டது. அதற்கு அக்காலத்தில் வழங்கிய ‘நிம்பேயா ஸ்ரெல்லேற்றா’ என்ற பெயர் இன்று நூசாலியின் மறுபெயராகவே கொள்ளப்படுகின்றது. பின்னர், தேசிய மலரெனப் படங்களிற் பரவலாகக் காட்டப்பட்ட ஊதாநிறப் பூ நம் நாட்டு மானெல் அன்று, வெளியிலிருந்து வந்து பரவிய வேறொன்று என்பதைப் பேராதனைத் தாவரவியலார் ஆராய்ந்து எடுத்துக்காட்டினர். உண்மையான மானெல்லின் நீலம் வெளிறியது, அடக்கமானது. அழுத்தமான நிறமுடைய அயற்பூ அதன் பெயரையும் இடத்தையும் கவர்ந்துகொண்டது. பெயரும் படமும் இருந்தும் பொருளை மயங்க முடியும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

7. முடிவாக

இதுகாறும் கூறியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படும். நீர்ப்பூக்களைப் பழந்தமிழர் வேறறிந்திருந்தனர். அவ்வறிவு உண்டும் உடுத்தும் பழகியதால் வந்தது என்பது ஒன்று. பெயர் தன் பொருளைவிட்டு நூலிலிருந்து நூலுக்கும் மொழியிலிருந்து மொழிக்கும் தனியே சென்றபோதே மயக்கம் விளைந்தது என்பது இரண்டாவது. பழம்பெயர் ஒவ்வொன்றையும் ஒரு தாவரவியற் பெயருக்கு ஈடாக்கிவிட முயலாது, அப்பெயர் எப்பொழுதையும் எந்நிலத்தையும் எப்பயனையும் சார்ந்து வந்தது என ஆராய்தலே தக்க முறை என்பது மூன்றாவது.

பேராதனையில் பணிபுரிந்த ஹென்றி றைமன் 1893இல் வெளியிடத் தொடங்கிய இலங்கைத் தாவரக் கைந்நூலிலே செடிகளின் சிங்களப் பெயரோடு தமிழ்ப் பெயரையும் பதிந்தார். அத்தகைய பதிவு இன்று மீண்டும் வேண்டப்படுகின்றது. ஒல்லாந்த மருத்துவரும் ஆங்கிலத் தாவரவியலாரும் கேட்டெழுதிய பெயர்களை நம் மாணவர் கேட்டெழுதுதல் அரிதன்று. வன்னிக் குளங்களிலும் மட்டக்களப்பு வாவிக்கரையிலும் மன்னார்த் தாழ்நிலங்களிலும் பயிர்செய்வோரும் மீன்பிடிப்போரும் இச்செடிகளுக்கு வழங்கும் பெயர்களைத் தொகுக்கலாம். ஆனால் பெயரை மட்டும் எழுதிவருதல் போதாது. செடியின் இலையும் பூவும் காயும் பெயரோடு வைக்கப்படல் வேண்டும். மலரும் பொழுதும் நீரின் தன்மையும் குறிக்கப்படல் வேண்டும். உணவாகவோ மருந்தாகவோ கொள்ளும் முறையும் கேட்டறியப்படல் வேண்டும்.

குளங்கள் தூர்ந்து, கிழங்கு அகழ்வோரும் அல்லியரிசி அறிந்தோரும் அருகிவரும் காலம் இது. அவர்களோடு பெயர்களின் பொருளும் மறையுமாயின் நமக்கு எஞ்சுவது நிகண்டு ஒன்றே. அது பெயர்களைத் தரும், பூவைத் தராது.